கொட்டகைக்குள் மழைத் தண்ணீர்: தரையை உயர்த்தும் முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தோடு கையால் வரைந்த படத்தையும் வைத்து அனுப்பியிருந்தீர்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் எழுத முடிகிறது. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் மாட்டுக் கொட்டகை. இருபக்கமும் சரியும் தகரக் கூரை, கூரை நுனியில் கால்வாய் எதுவும் இல்லை. பின்பக்கம் நிலம் மேடாக ஏறுகிறது, சுமார் ஒன்றேகால் ஏக்கர். மண் களிமண். ஒவ்வொரு மழைக்கும் பின்சுவரின் காலடியில் மண் அரிக்கிறது, தண்ணீர் உள்ளே வந்து மாடுகள் படுக்கும் இடம்வரை நனைகிறது, தரை காய நாள்கணக்காகிறது. இரண்டு மாடுகளுக்குக் குளம்பு அழுகல் வந்துவிட்டது. முன்வாசலில் டிராக்டர் சிக்கும் அளவுக்குச் சேறு. கொத்தனார் உள்தரையை அரையடி உயர்த்திக் கான்கிரீட் போடச் சொல்கிறார். உறவினர் ஒருவர் கூரைக்குக் கால்வாய் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கீழ்ப்பக்க நிலத்துக்காரரோ தன் பக்கம் தண்ணீர் விடக் கூடாது என்கிறார். அடுத்த மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தண்ணீர் வெளியேறும் இடத்தை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வேலை கீழிருந்து மேலாகப் போக வேண்டும். கால்வாயும் குழாயும் கச்சிதமாகப் போட்டு முடித்து, கடைசியில் அதன் வாய் ஒரு பள்ளத்தில் போய் நின்றால், செலவு செய்து ஒரு குளம் வெட்டியதாகத்தான் ஆகும்.

அதற்கு முன், எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 900 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 45,000 லிட்டர், பக்கத்துக்கு 22,500. இப்போது பின்னாலிருக்கும் மேட்டைப் பாருங்கள். ஒன்றேகால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 5,000 சதுர மீட்டர். அதே மழையில் அங்கே விழுவது 2,50,000 லிட்டர். பாதி மண்ணில் ஊறிவிட்டது என்று வைத்தாலும் 1,25,000 லிட்டர் சரிவில் இறங்கி உங்கள் பின்சுவரை நோக்கி வருகிறது. ஏற்கெனவே நனைந்த களிமண்ணில் பாதிகூட ஊறாது.

உங்கள் உறவினர் சொல்வது ஏன் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. கூரைக்குக் கால்வாய் வேண்டும்தான், ஆனால் உங்கள் இடத்தில் பெரிய பங்கு மேட்டிலிருந்து வருகிறது.

கொத்தனாரின் யோசனையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு அது வேண்டாம். 900 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் உயர்த்துவதென்றால் 135 கன மீட்டர் கான்கிரீட். அவ்வளவு போட்ட பிறகும் வெளியே தண்ணீர் அதே இடத்தில்தான் நிற்கும், அஸ்திவாரம் அப்படியே ஊறும். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வருஷா வருஷம் இந்த ஏற்ற இறக்கத்தில் தூண்கள் அசையும், சுவர் விரியும், புதுத் தளமும் விரியும். கதவுகளை வெட்ட வேண்டும், தீவனத் தொட்டி உயரம் மாறும், மாடு ஏறி இறங்க வாசலில் சரிவு கட்ட வேண்டும். அடுத்தவர் யாராவது புதிதாகக் கட்டுவதாக இருந்தால், தொடக்கத்திலேயே உள்தரையைச் சுற்றுத் தரையைவிட 30 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டச் சொல்வேன். கட்டி முடித்த கொட்டகைக்கு அது கடைசி மருந்து.

இன்னொன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். உள்தரையின் ஈரம் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வழிந்து வருவது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கு அடியில் கசிந்து மேலேறும் ஓதமும் இருக்கலாம். மாடுகளின் மூச்சும் சிறுநீரும் ஆவியாகிக் குளிர்ந்த தகரத்தில் பட்டுச் சொட்டுவதும் இருக்கலாம், அதைக் கூரை ஒழுகுவதாக நினைத்துத் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாலித்தீன் தாளை எடுங்கள். மாடு மிதிக்காத இடமாகப் பார்த்து, தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தாளை விரித்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் தரைக்கு அடியிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது, அதற்கு மருந்து வடிகாலில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. பின்சுவரில் தரையிலிருந்து எவ்வளவு உயரம்வரை உப்புப் பூத்திருக்கிறது, எவ்வளவு உயரம்வரை சேறு தெறித்திருக்கிறது என்பதையும் அளந்து குறித்து வையுங்கள். உப்பின் கோடு ஓதத்தைச் சொல்லும், சேற்றின் கோடு கூரைத் தண்ணீர் விழுகிற வேகத்தைச் சொல்லும்.

சரி, வேலைக்கு வருவோம்.

வாட்டம், அதாவது தரையின் சரிவு, பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் டியூப் லெவல் தயார். கொட்டகையின் நான்கு மூலை, பின்மேடு, முன்வாசல், கீழ் எல்லை எல்லாவற்றிலும் முளையடித்து, உள்தரையை அடிப்படையாக வைத்து ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் மேலே, எத்தனை கீழே என்று எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து வாட்டம் சொல்வதை நம்பாதீர்கள். பக்கத்தில் மேடு இருந்தால் சமதரைகூடச் சரிவாகத் தெரியும். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பும், குமிழி எல்லாம் வெளியேறும்வரை காத்திருங்கள்.

இனி வெளியேறும் வாய். உங்கள் படத்தில் கொட்டகையின் தென்கிழக்கு மூலைக்குக் கீழே ஒரு புல் தரை காட்டியிருக்கிறீர்கள், அது உங்கள் நிலத்திலேயே இருக்கிறது. தண்ணீரை அங்கே விடுங்கள், ஆனால் ஒரே வாய் வழியாகக் கொட்ட விடாதீர்கள். கீழ்ப்பக்கத்துக்காரர் பயப்படுவது அதற்குத்தான், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பரந்து வழிந்த தண்ணீரை ஒரு வாய்க்காலில் சேர்த்து ஒரே இடத்தில் விட்டால், அளவு அதேதான் என்றாலும் அந்த இடத்தில் ஓடை அறுக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. வாய்க்கால் முடியும் இடத்தில் சரிவுக்குக் குறுக்காக, 10 மீட்டருக்குக் குறையாத நீளத்தில், முழுக்க ஒரே மட்டமாக ஒரு பள்ளம் வெட்டுங்கள். கீழ்ப்பக்க உதடு நூல் பிடித்தாற்போல மட்டமாக இருக்க வேண்டும், அங்கே கல் பதியுங்கள். வருகிற தண்ணீர் பள்ளத்தில் நிரம்பி, அந்த நீளம் முழுக்க மெல்லிய படலமாக வழிந்து புல்லுக்குள் இறங்கும். உதட்டில் ஒரு இடம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் தண்ணீர் எல்லாம் அங்கேயே ஓடிவிடும், ஆகவே இதற்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

தண்ணீர் விடுவது பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும், உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, ஜேசிபி வரும் முன் அந்த நிலத்துக்காரரைக் கூப்பிட்டு முளைகளைக் காட்டிப் பேசுங்கள். இப்போது வருகிறதைவிட மெதுவாகத்தான் வரும் என்பதை அவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும்.

ஊறல் குழி வெட்டி எல்லாவற்றையும் அதில் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் களிமண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை. சந்தேகமிருந்தால் 30 சென்டிமீட்டர் அகல ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பிப் பாருங்கள். சாயங்காலம்வரை பாதிகூட இறங்கவில்லை என்றால் ஊறல் குழியை மறந்துவிடுங்கள். மண் உறிஞ்சுகிற இடமாக இருந்தாலும் கட்டடத்திலிருந்து 5 மீட்டருக்குள் அதை வெட்டக் கூடாது.

அடுத்தது பின்மேட்டுத் தண்ணீர். உங்கள் பிரச்சினையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பின்சுவரிலிருந்து 8 அல்லது 10 மீட்டர் மேலே, சரிவுக்குக் குறுக்காக, கொட்டகையின் இரு முனைகளையும் தாண்டிப் போகிற மாதிரி ஒரு திருப்பு வாய்க்கால் வெட்டுங்கள். கொட்டகையை ஒட்டி வெட்டச் சொல்வார்கள், வேண்டாம். சுவர்ப் பக்கம் வண்டி போக இடம் வேண்டும், வாய்க்கால் என்றாவது நிரம்பி வழிந்தால் நடுவில் ஒரு புல்வெளியும் வேண்டும்.

வாய்க்கால் ஆழமாக இருக்க வேண்டியதில்லை. அடி அகலம் அரை மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர், பக்கங்கள் ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு அகலம் என்ற கணக்கில் நன்றாகச் சாய்ந்திருந்தால் போதும். செங்குத்தான பக்கங்கள் முதல் மழையிலேயே சரியும், புல்லும் பிடிக்காது. மாடு கால் வைத்தாலும் இடறாத அளவுக்குச் சாய்வு இருக்கட்டும். வாட்டம் 200-க்கு 1, அதாவது 70 மீட்டர் நீளத்துக்கு 35 சென்டிமீட்டர் இறக்கம். இதைவிட மட்டமானால் தண்ணீர் தேங்கி வண்டல் படியும். அதிகமானால் வேகம் கூடி அடிமண்ணை அறுக்கும். புல் பிடிக்காத வெறும் மண்ணில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தைத் தாண்டினாலே அரிப்பு தொடங்கிவிடுகிறது. ஓடும் தண்ணீரில் ஒரு சருகைப் போட்டு, 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 20 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் பயமில்லை. 10 நொடியில் போய்விட்டால், வேகம் இரண்டு மடங்கு, மண்ணை இழுக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்படிப்பட்ட இடத்தில் கல் பதிக்க வேண்டும், அல்லது நடுநடுவே கல் தடுப்பு வைத்து வாட்டத்தைப் படிப்படியாக உடைக்க வேண்டும்.

நான் சொன்ன அளவில், அந்த வாட்டத்தில், வாய்க்கால் பாதி ஆழம் ஓடினாலே நொடிக்கு 60 லிட்டர் போகும். உங்கள் மேட்டின் 1,25,000 லிட்டர் என்பது நொடிக்குச் சுமார் 35 லிட்டர். இவ்வளவு இடைவெளி எதற்கு என்று தோன்றலாம். மழை ஒரு மணி நேரமும் ஒரே சீராகப் பெய்வதில்லை, நடுவில் 10 நிமிடம் வானம் கிழிந்தாற்போல் ஊற்றும். வாய்க்காலை அந்தப் 10 நிமிடத்துக்காக வெட்டுகிறோம்.

வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம், அதாவது கொட்டகைப் பக்கம், வரப்பாகப் போட்டு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்குங்கள். உதிரியாகக் குவித்த வரப்பு வழியாகத் தண்ணீர் ஒரு எலி வளை கிடைத்தாலே புகுந்துவிடும். வாய்க்கால் மூலையில் திரும்பும் இடத்தில் வெளிப்பக்க வளைவில்தான் தண்ணீர் மோதும், அங்கே கையளவு கற்களை நெருக்கிப் பதியுங்கள். உடனே புல் விதையுங்கள் அல்லது புல் கரணை நடுங்கள். வேர் பிடிக்கச் சில வாரமாகும். மழைக்கு முந்தின வாரம் வெட்டிய வாய்க்கால் வெறும் மண்ணாகவே முதல் மழையைச் சந்திக்கும், அதனால்தான் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன்.

இப்போது கூரை. கால்வாய் மாட்டுவதானால் 3 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் கொடுங்கள். 60 மீட்டரையும் ஒரே திசையில் ஓட விடாமல், 10 மீட்டருக்கு ஒரு இறங்கு குழாய் என்று பிரித்துவிடுங்கள். பக்கத்துக்கு ஆறு குழாய், ஒவ்வொன்றும் 75 சதுர மீட்டர் கூரைக்கு. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்கு 100 மில்லிமீட்டர் குழாய் இதைத் தாங்கும், அதைவிட வேகமான மழை வழக்கமாக வரும் இடமென்றால் 150 மில்லிமீட்டர் குழாய் போடுங்கள். தாங்கிகளை நெருக்கி மாட்டுங்கள், தண்ணீரும் சருகும் நிறைந்த கால்வாயின் எடை நினைப்பதைவிட அதிகம். குழாயைச் சுவரடியில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறதே, அது கால்வாயே இல்லாததைவிட மோசம். 75 சதுர மீட்டரின் தண்ணீர் முழுவதும் அஸ்திவாரத்தின் ஒரே புள்ளியில் இறங்கும். எல்லாக் குழாய்களையும் மண்ணுக்கடியில் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, வெளியேறும் வாய்வரை கொண்டு போங்கள்.

ஏணி வைத்து வருஷத்துக்கு இரண்டு முறையாவது கால்வாயைச் சுத்தம் செய்ய உங்களால் முடியுமா? மனசாட்சியோடு யோசித்துப் பாருங்கள். மரங்கள் பக்கத்தில் இருந்து, ஆளும் இல்லை என்றால் கால்வாய் வேண்டாம். அதற்குப் பதில், கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டிலேயே தரையில் ஜல்லி வடிகால் போடலாம். சொட்டும் கோடு நடுவில் வருமாறு 60 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் பள்ளம். அடியில் 100-க்கு 1 வாட்டம். கொட்டகைப் பக்கச் சரிவிலும் அடியிலும் கனமான பாலித்தீன் விரித்துவிட்டால் தண்ணீர் அஸ்திவாரத்தை நோக்கி ஊறாது. அதன்மேல் மண் வடிகட்டும் துணி, துணிக்குள் துளையிட்ட குழாய், துளைகள் கீழ்நோக்கி. பிறகு கழுவிய 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லி. கழுவாத ஜல்லியில் வரும் மாவு இரண்டே மழையில் துணியை அடைத்துவிடும். ஜல்லி மேல்வரை இருப்பதால் தண்ணீர் விழுந்தாலும் சேறு தெறிக்காது. ஒரு எச்சரிக்கை: சுவரை ஒட்டி, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகிற மாதிரி எந்தப் பள்ளமும் தோண்டக் கூடாது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரியாவிட்டால் முதலில் ஒரு மூலையில் கையால் தோண்டிப் பாருங்கள்.

உங்கள் இடத்துக்கு நான் சொல்வது: பின்பக்கம் ஜல்லி வடிகால், முன்பக்கம் கூரைக் கால்வாய். முன்பக்கம் ஆளும் வண்டியும் மாடும் போகிற வழி, தலைமேல் தண்ணீர் கொட்டக் கூடாது. அதோடு அங்கேதான் சாணம் குவிக்கும் முற்றம் இருக்கிறது. 20-க்கு 15 மீட்டர் முற்றம் என்றால் 50 மில்லிமீட்டர் மழையில் 15,000 லிட்டர் சாணித் தண்ணீர். முன்கூரையிலிருந்து வருவது முழுவதும் அதில் கலந்தால் 37,500 லிட்டர். சுத்தமாக இருந்த 22,500 லிட்டரை அழுக்காக்கி, அப்புறம் அதையும் சமாளிக்க வேண்டியதாகிறது. முற்றத்தைச் சுற்றி 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கரை கட்டுங்கள், கூரைத் தண்ணீர் உள்ளே வராது, சாணித் தண்ணீர் வெளியே போகாது. சாணித் தண்ணீர் தனியாக ஒரு படிவுக் குழிக்குப் போகட்டும், தெளிந்ததைப் பயிருக்கு விடலாம். அந்தக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம், அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் உங்கள் வீட்டிலும் குடிக்கிறீர்கள்.

கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பது நல்ல யோசனை, செய்யுங்கள். ஆனால் தொட்டியை வடிகாலாக நினைக்காதீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் 10,000 லிட்டர் தொட்டி, முன்கூரைத் தண்ணீர் மட்டும் வந்தாலே, நான் சொன்ன மழையில் அரை மணிக்குள் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வழியும் குழாய், உள்ளே வரும் குழாய்க்குச் சமமான அளவில் இருக்க வேண்டும், அதன் வாயும் வடிகாலோடு சேர வேண்டும்.

சுவரைச் சுற்றியுள்ள தரை முதல் 3 மீட்டரில் 15 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். அரிப்பில் பள்ளமான இடங்களை மணலால் நிரப்பாதீர்கள், தண்ணீர் நேரே அதற்குள் இறங்கும். அங்கே தோண்டிய களிமண்ணையே சிறிது ஈரமாக்கி அடுக்கடுக்காக இறுக்கிப் போடுங்கள்.

வாசல் சேற்றுக்கு வெறும் ஜல்லியை லோடு லோடாகக் கொட்டியிருக்கிறீர்கள், எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அடியில் துணி இல்லாததுதான் காரணம். சேற்றை வழித்து எடுத்துவிட்டு, கெட்டியான மண் வந்ததும் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் என்னும் மண் வடிகட்டும் துணியை விரித்து, அதன்மேல் 15 சென்டிமீட்டர் பெருஜல்லி, மேலே 5 சென்டிமீட்டர் பொடி ஜல்லி போட்டு உருளை ஓட்டுங்கள். துணி இருந்தால் ஜல்லி கீழே இறங்காது, களி மேலே பிதுங்காது. வாசலிலிருந்து வெளிப்பக்கம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் போதும்.

இரண்டு மாதத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் டியூப் லெவலும் பக்கத்து நிலத்துக்காரரோடு பேச்சும். அடுத்து வெளியேறும் வாயும் மேட்டு வாய்க்காலும் புல்லும், ஜேசிபி ஒரே தடவை வந்தால் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். புல் வளரும் நேரத்தில் பின்பக்க ஜல்லி வடிகால், முற்றத்துக் கரை, முன்பக்கக் கால்வாய். பணமோ நேரமோ குறைந்தால் வாசலைக் கடைசிக்குத் தள்ளலாம், மேட்டு வாய்க்காலைத் தள்ளாதீர்கள். குளம்பு அழுகல் வந்த இரண்டு மாடுகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அதுவரை கொட்டகையின் காய்ந்த முனைக்கு மாற்றிக் கட்டுங்கள்.

முதல் பெருமழையில் குடையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே வழிகிறது, எங்கே கலங்கலாக ஓடுகிறது என்று முளையடித்துக் குறியுங்கள். கலங்கல் தெரிகிற இடத்தில் மண் போய்க்கொண்டிருக்கிறது. தரையை உயர்த்தும் முடிவை இந்த மழைக்காலம் முடியும்வரை எடுக்காதீர்கள். மழை நின்று இரண்டு மூன்று நாளில் உள்தரை காய்ந்துவிட்டால் அந்த 135 கன மீட்டர் கான்கிரீட் தேவையே இல்லை. காயாமல் இருந்தால் பாலித்தீன் தாளின் எந்தப் பக்கம் நனைந்தது, சுவரில் உப்புக் கோடு எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் எழுதி அனுப்புங்கள். பின்பக்க வடிகாலை இன்னும் ஆழமாக, சுவரைவிட்டுத் தள்ளிப் போட வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.